தூணைச் சுற்றிய பாதை

விளக்கமறியல்,
1996 ஒக்டோபர் 9.

ஹுமைத்,

இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் இங்கே ஒருவர் வாசித்து முத்திரை குத்தியிருப்பார். ஆகவே சுகம் விசாரித்துக் காகிதத்தை வீணாக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

ஜூலைக் கடைசியில் கொழும்புப் பக்கம் ரயிலில் குண்டு வெடித்தது. அடுத்த கிழமை பதுளையில் என் அறையைச் சோதித்தார்கள். யாழ்ப்பாணத்துப் பெயர், கந்தோரில் படம் வரைகிற உத்தியோகம். இவை போதாதென்று மேசையில் தெமோதரை வளைவின் படம், ஒரு சுருள் வயர், ஒரு டிரான்ஸ்போமர், லண்டனில் இருந்து மைத்துனன் அனுப்பிய தண்டவாளத் துண்டுகளும் குட்டி எஞ்சினும். எஞ்சினைப் பார்த்தாவது சிரிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. தெமோதரையில் ரயில் ஸ்டேஷனை விட்டு இறங்கி, மலையை ஒரு சுற்றுச் சுற்றி, அதே ஸ்டேஷனுக்கு அடியில் சுரங்கத்துக்குள் நுழைவது உனக்கும் எனக்கும் வேடிக்கை. அவர்களுக்கு அது, ஓரிடத்தில் கை வைத்தால் இரண்டு பாதையும் போகிற இடம்.

நான் உண்மையைத்தான் சொன்னேன். இது விளையாட்டு ரயிலுக்கான படம், சிநேகிதனின் பலகைக் கடைக்கு மேல்மாடியில் இதற்கென்று மேசை கட்டிக்கொண்டிருக்கிறோம், போய்ப் பாருங்கள் என்றேன். போனார்கள். மேலே அப்படி ஒன்றும் இல்லை என்று உன் வீட்டில் சொல்லப்பட்டது. இரண்டாம் முறை போய் ஏறிப் பார்த்தபோது உண்மையிலேயே ஒன்றும் இல்லை. அன்றில் இருந்து நான் பொய்யன். என் பெயரைச் சொன்னால்கூட ஒருமுறை சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் கட்டிய மேசை எங்கே போனது என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் இந்தக் கடிதத்தை முடிக்க மாட்டேன்.

ஜனவரியில் பதுளையில் வழக்கு. ஞானேஸ்வரி அக்கா ஒரு சட்டத்தரணியைப் பிடித்திருக்கிறா. படத்தில் இருக்கிற பொருளை நீதவான் கண்ணால் கண்டால் வழி பிறக்கும், இல்லாவிட்டால் இன்னும் எத்தனை வருஷம் என்று தன்னால் சொல்ல முடியாது என்கிறார். ஆகவே அதைத் திரும்பக் கட்டு. படம் பொலிசாரிடம். நான் நினைவில் இருந்து எழுதுகிறேன். என்னைப் பார்க்க வர வேண்டாம்.

மதுசூதனன்

பதுளை,
ஒக்டோபர் 27.

மச்சான் மது,

உன் கடிதத்தில் மச்சானும் இல்லை, அன்பும் இல்லை. நான் இரண்டையும் போடுகிறேன், எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்.

அவர்கள் வந்த அன்று நான் வீட்டில் இல்லை. மொனராகலைக்குத் தேக்கு பார்க்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதற்கு மேல் எழுத முடியாது. நீயே சொல்கிறாய், இதை வேறு ஆளும் வாசிக்கிறார் என்று. அவருக்கு என் ஸலாத்தைச் சொல்.

நீ உள்ளே இருக்கிறாய், உனக்கு வெளியே நடப்பது தெரியாது. பஸாரில் எனக்கு இப்போது புதுப் பெயர் கிடைத்திருக்கிறது. 'கோச்சிக்காரன்ட கூட்டாளி', அதாவது ரயில்காரனின் சிநேகிதன். சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார்கள், ஆனால் பலகை வாங்கப் பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள். எதிர்த் தேநீர்க் கடையில் ஒரு ஆள் காலையில் வந்து உட்கார்ந்தால் மத்தியானம்தான் எழும்புகிறான். அவன் யாருக்காக உட்கார்ந்திருக்கிறான் என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்காரி ஸல்மா யன்னல் திரையைத் திறப்பதே இல்லை. மகள் ஸனா ஏன் என்று கேட்கிறாள், வெயில் என்று சொல்லி வைத்திருக்கிறோம். பயமாக இருக்கிறது மது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், பயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் பலகைக்காரன் புத்தி எங்கே போகும். நீ போனமுறை சட்டத்துக்கு அல்பீசியா கேட்டாய், மழை மாதம் வந்ததும் அது வில்லாக வளைந்தது. இந்தமுறை என்றால் டர்பன்டைன்தான் சரி. எட்டடிக்கு ஆறடி என்பது ஞாபகம் இருக்கிறது. குறுக்குச் சட்டம் எவ்வளவு இடைவெளியில் என்பது மறந்துவிட்டது. செய்கிறேன் என்று சொல்லவில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான்.

உன் ஹுமைத்

விளக்கமறியல்,
நொவம்பர் 10.

ஹுமைத்,

செய்கிறேன் என்று நீ சொல்லவில்லை. என்ன மரம் என்று கேட்டிருக்கிறாய். உன்னை எனக்குத் தெரியும், அதனால் தொடர்கிறேன்.

கடிதத்தில் படம் கீறக் கூடாதாம். ஒரு வட்டம் போட்டதற்கு முதலில் எழுதிய கடிதத்தைக் கிழித்துவிட்டார்கள். எழுத்தாலேயே கட்ட வேண்டும்.

டர்பன்டைன் சரி. வெளிச் சட்டத்துக்குள் ஒரு முழத்துக்கு ஒன்றாகக் குறுக்குச் சட்டம் போடு. மேலே பலகை அடித்து மூடிவிடாதே, பிறகு அது சாப்பாட்டு மேசை. சட்டம் திறந்தே இருக்கட்டும். குறுக்குச் சட்டங்களில் முட்டுக்கட்டைகள் நிற்கும், அவற்றின் தலையில்தான் பாதை போகும். பாதைக்குத் தேயிலைப் பெட்டிப் பிளைவூட்டை வளைவாக வெட்டு. அதன்மேல் செருப்புக்கு வைக்கிற ரப்பர் ஷீட்டை ஒட்டு. ஓரங்களைச் சாய்வாகச் சீவினால் சரளைக்கல் குவித்த கரை மாதிரி வரும், சத்தத்தையும் குடித்துவிடும்.

ஏற்றம்தான் முக்கியம். நாற்பது அங்குலம் போனால் ஒரு அங்குலம் ஏற வேண்டும். கூடினால் எஞ்சின் இழுக்காது. குறைந்தால், சுற்றி வருகிற பாதை கீழ்ப் பாதைக்கு மேலே போகாமல் அதிலேயே இடிக்கும். ஒவ்வொரு முட்டுக்கட்டையாக நீர்மட்டம் வைத்துப் பார். முதல் கட்டை பிழைபோனால் கடைசி வரை எல்லாம் பிழைதான். கண்மட்டத்தை நம்பாதே, உன் கண்மட்டத்தைப் பற்றி எனக்குத் தெரியும்.

மற்றவை உனக்கே ஞாபகம் இருக்கும். இரண்டு வருஷம் அதற்கு அடியில் தவழ்ந்து தலையில் இடித்துக்கொண்டவன் நீ.

இங்கே ஒரே அறையில் பலர். இரவில் எல்லோரும் ஒரே பக்கம்தான் திரும்பிப் படுக்க வேண்டும். மனதுக்குள் அந்த மேசையைக் கட்டிக்கொண்டு படுத்திருப்பேன். முன்பெல்லாம் ரயில் ஓடும் வரை போவேன். இப்போது மேசையோடு நின்றுவிடுகிறது. ஜனவரிக்கு முன் முடி.

மதுசூதனன்

பதுளை,
நொவம்பர் 30.

மச்சான் மது,

கட்டிவிட்டேன். உட்கார்ந்திருக்கிறாயா? உட்கார்ந்து வாசி.

வீட்டில் கட்டவில்லை. ஹாலிஎலயில் ஜௌபர் நானாவின் மரக் கொட்டில் சும்மா கிடந்தது, அங்கே வைத்துக் கட்டினேன். எதற்கு என்று அவர் கேட்டார், ஸ்கூல் கண்காட்சி என்றேன். மேசையை இரண்டு துண்டாக வைத்திருக்கிறேன், போல்ட்டைக் கழற்றினால் லொறியில் ஏறும். வழக்கு நாளன்று நேரே கோர்ட் வாசலில் இறக்கிவிடலாம். அவர்களும் யார் வீட்டுக்கும் ஏறி இறங்கத் தேவையில்லை, யாரும் யாரையும் ஒன்றும் கேட்கத் தேவையில்லை. யோசித்துப் பார்த்தால் இதுதான் எல்லாருக்கும் நல்லது.

இன்னும் கேள். உன் கடிதத்தில் வளைவு எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று எழுதவில்லை. எனக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று குழப்பம். பேசாமல் ஒரு வெள்ளிக்கிழமை பஸ் ஏறித் தெமோதரைக்கே போய்விட்டேன். ஸ்டேஷன் பக்கத்து மேட்டில் சும்மா நிற்பவன் மாதிரி நின்று, கோச்சி எந்தப் பக்கத்தால் சுற்றி எங்கே நுழைகிறது என்று நன்றாகப் பார்த்தேன். வந்து அப்படியே அச்சு அசலாகக் கட்டினேன். நம் பழைய மேசை தலைகீழாக அல்லவா இருந்தது! நீ அளவில் கெட்டிக்காரன், ஆனால் பக்கம் மாறியதைக் கவனிக்கவில்லை. நான் திருத்தியிருக்கிறேன். நடுவில் நாம் விட்டிருந்த சதுர ஓட்டையையும் விடவில்லை. கொட்டிலில் அதற்கு வேலை இல்லை, பார்க்கவும் அவலட்சணம். அங்கே அழகாக ஒரு மலை வைக்கலாம்.

ஏற்றம் நீ சொன்னபடி. தெமோதரையைத் தெரிந்த எவனும் பார்த்தவுடன் தெமோதரை என்று சொல்லிவிடுவான். உன் கோபம் கொஞ்சமாவது குறையும் என்று எதிர்பார்க்கிறேன்.

உன் ஹுமைத்

விளக்கமறியல்,
டிசெம்பர் 12.

ஹுமைத்,

உடைத்துப் போடு. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே உடை.

தெமோதரைக்குப் போய் நின்று பார்த்தாயா? யாரும் உன்னைப் பிடிக்கவில்லையே என்று அல்லாஹ்வுக்கு நன்றி சொல். எங்கள் மேசையை நிஜப் பாதை மாதிரியே கட்டிக்கொண்டு வந்து நீதவான் முன் வைக்கப்போகிறாயா? அது நிஜம் மாதிரி இருக்க இருக்க நான் உள்ளே போய்க்கொண்டே இருப்பேன். என்னை இங்கே வைத்திருப்பதே அது தெமோதரை என்பதற்காகத்தான்.

உன்னைத் திட்டி ஒரு பக்கம் எழுதினேன். எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது, பக்கத்தைக் கிழித்துவிட்டேன். நான்கு மாதமாக என் மண்டையில் ஏறாத ஒன்றை உன் முட்டாள்தனம் ஏற்றிவிட்டது.

நான் பக்கத்தை மறந்து மாற்றவில்லை. உன் மேல்மாடியில் படிக்கட்டு வாய் ஒரு பக்கம், கூரையைத் தாங்கும் நடுத்தூண் இன்னொரு பக்கம். நிஜப் பாதை சுற்றுகிற பக்கம் சுற்றினால் ரயில் படிக்கட்டுக்குள் விழும். அதனால்தான் மாற்றுப் பக்கம் சுற்றினேன், மேசையைத் தூணுக்கு வெளியே கட்ட இடமில்லாததால் தூணையே மலைக்குப் பதிலாக நடுவில் விட்டுச் சுற்றினேன். அந்தச் சதுரம் தூண். இங்கே என்னிடம் அதிகமாகக் கேட்ட கேள்வி எது தெரியுமா? 'வளைவின் நடுவில் சதுரம் போட்டிருக்கிறாயே, அங்கே எதை வைக்கப்போகிறீர்கள்?' தூண் என்றேன். எந்தத் தூண் என்றார்கள். சிநேகிதன் வீட்டுத் தூண் என்றேன். அதற்குப் பிறகு நடந்ததை எழுதினால் இந்தக் கடிதம் வராது.

என் படத்தை வைத்துக்கொண்டு தெமோதரைக்குப் போகிறவன் எதையும் கண்டுபிடிக்க மாட்டான். அந்தப் படம் உலகத்தில் ஒரேயொரு இடத்துக்குத்தான் பொருந்தும். அது உன் மேல்மாடி. மேசையை எரிக்கலாம், தூணை எரிக்க முடியாது, எரித்தால் கூரை இறங்கி வரும்.

ஆகவே மேசை அங்கே, அந்தத் தூணைச் சுற்றி இருக்க வேண்டும். லொறியில் வர முடியாது. கோர்ட்தான் உன் வீட்டுப் படியேற வேண்டும். அதன் அர்த்தம் என்ன என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அன்று உன் வீட்டில் சொல்லப்பட்டது பொய் என்று யாராவது வாய் திறந்து சொல்ல வேண்டும். கொட்டிலில் போய் ஏன் கட்டினாய் என்று இப்போது புரிகிறது. நீ அளவை மறக்கவில்லை, வீட்டை மறைத்தாய்.

நீ சொல்ல மாட்டாய் என்றால் அதையாவது எழுது. வழக்கு ஜனவரி 22.

மதுசூதனன்

விளக்கமறியல்,
1997 ஜனவரி 3.

ஹுமைத்,

பதில் இல்லை. அக்கா உன் கடைக்கு இரண்டு தரம் வந்தாவாம். ஒருமுறை நீ மொனராகலை, ஒருமுறை கடை பூட்டு. நீ ஒளிகிறாய் என்று அக்கா சொல்லவில்லை. கடை பூட்டியிருந்தது என்று மட்டும் சொன்னா.

போன கடிதத்தில் கடுமையாக எழுதியிருக்கலாம். மாற்றி எழுத ஒன்றும் இல்லை. பதில் எழுது.

மது

பதுளை,
ஜனவரி 9.

மச்சான் மது,

ஒளிந்தேன். உண்மைதான். ஞானேஸ்வரி அக்கா முன்கதவைத் திறந்து வந்தபோது நான் பின்கதவால் பலகைக் குவியலுக்குள் போய் நின்றேன். இந்த வயதில்.

இனி மறைக்கத் தேவையில்லை. இதை யார் வாசித்தாலும் வாசிக்கட்டும், முந்தாநாள் சட்டத்தரணி முன்னால் சத்தியக்கடதாசியில் கையெழுத்துப் போட்டாயிற்று. போட்டது நான் இல்லை. ஸல்மா.

அன்று நான் மொனராகலையில் இருந்தபோது வந்தவர்களிடம் பேசியது ஸல்மாதான். மேலே பெண்கள் தொழுதுகொண்டிருக்கிறார்கள், ஆண்கள் ஏறக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். வந்தவர் மரியாதையான ஆள், சப்பாத்தைக்கூட வாசலில் கழற்றியிருந்தாராம். மேலே ஏதாவது ரயில் மேசை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் போய்விட்டார். அவர் தலை மறைந்தவுடன் ஸல்மா மரம் அறுக்கிற வாளை எடுத்தாள். நான் வரும்போது மேசை விறகோடு விறகாக அடுப்பில் இருந்தது. தூணுக்குச் சுண்ணாம்பும் பூசியாயிற்று. இரண்டு கையிலும் கொப்புளம். நான் கத்தினேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

ஏன் என்று நான் உனக்கு எப்போதோ சொல்லியிருக்க வேண்டும். அவள் தம்பி ஷப்ராஸைத் தெரியும் உனக்கு, வெளிநாட்டில் இருக்கிறான் என்று சொல்லி வைத்திருந்தோம். அவன் வெளிநாட்டில் இல்லை. எண்பத்தொன்பதில், பொடியன்களைப் பிடித்துக்கொண்டு போன காலத்தில், ஜீப்பில் வந்தவர்கள் அவனைக் கேட்டார்கள். சும்மா ஒரு விசாரணை என்றார்கள். கதவைத் திறந்தது ஸல்மா. "மேல இருக்கான், வாங்க" என்று அவள்தான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். அவனும் கட்டிய சாரத்தோடு இறங்கிப் போனான். இன்றைக்கு வரை வரவில்லை. ஏழு வருஷமாக அந்த வார்த்தை அவள் தொண்டையில் நிற்கிறது. அதனால்தான் இந்தமுறை மேலே ஒன்றும் இல்லை என்றாள். உனக்குத் துரோகம் செய்ய இல்லை, மது. இந்த வீட்டு மேல்மாடியில் இருந்து இன்னொருவனும் போகக் கூடாது என்றுதான். உன்னைப் பிடித்துக்கொண்டு போனது அவளுக்குப் பிறகுதான் தெரியும்.

உன் டிசெம்பர்க் கடிதத்தை நான் பலகைக் கணக்குக்குள் ஒளித்து வைத்தேன். அவள் கண்டெடுத்து வாசித்தாள். வாசித்துவிட்டுச் சோறு போட்டாள். சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து சொன்னாள். "நீங்க போய்ச் சொன்னா கூட்டாளிக்காகப் பொய் சொல்றீங்கண்டுதான் நினைப்பாங்க. பொய் சொன்னது நான். நானே போய்த் திருப்பிச் சொல்றேன்." பொய் வாக்குமூலத்துக்கு அவளையும் பிடிக்கலாம் என்று சட்டத்தரணி எச்சரித்தார். ஸனாவை உம்மா பார்த்துக்கொள்வார் என்றாள்.

ஹாலிஎல மேசையை உடைத்து அந்த மரத்தையே கொண்டு வந்தேன். தூணைச் சுற்றி மூன்று பேராகக் கட்டுகிறோம், ஸனா திருகாணி எடுத்துத் தருகிறாள். தூணில் சுண்ணாம்பைச் சுரண்டினால் உன் பென்சில் கோடுகள் இரண்டும் அப்படியே இருக்கின்றன, 'கீழ்', 'மேல்' என்று உன் கையெழுத்தோடு. இடையில் மூன்றே முக்கால் அங்குலம். முட்டுக்கட்டையை ஸல்மா பிடிக்கிறாள், நீர்மட்டத்தையும் அவளே பார்க்கிறாள், என் கண்மட்டத்தை இந்த வீட்டிலும் யாரும் நம்புவதில்லை. ரப்பர் ஷீட் ஒட்டியாயிற்று. தண்டவாளம் அவர்களிடம் இருப்பதால் பாதையின் இரண்டு ஓரத்திலும் மூங்கில் சீவலை ஆணியடித்து, ஸனா உருட்டி விளையாடும் கண்ணாடிப் போளையை மேலிருந்து விட்டுப் பார்த்தோம். முதல் தரம் பாதி வழியில் நின்றது. ஒரு முட்டுக்கட்டை உயரம். சீவினோம். இரண்டாம் தரம் தூணைச் சுற்றி வந்து மேல் பாதையின் பாலத்துக்கு அடியில் நுழைந்து வெளியே வந்தது. ஸல்மா சிரித்தாள், பிறகு அழுதாள்.

உன் ஹுமைத்

பதுளை,
பெப்ரவரி 16.

மச்சான் மது,

வழக்கு நாளன்று உன்னைக் கண்டேன். நீ எங்களைப் பார்க்கவில்லை, அல்லது பார்க்காத மாதிரி இருந்தாய். மெலிந்துவிட்டாய். ஸல்மா கூண்டில் ஏறிச் சொன்னபோது மட்டும் தலையைத் தூக்கினாய். மேல்மாடியைப் போய்ப் பார்த்து அறிக்கை தரும்படி நீதவான் சொன்னதும் திரும்பவும் குனிந்துகொண்டாய்.

நேற்று வந்தார்கள். கோர்ட்டில் இருந்து ஒருவர், சட்டத்தரணி, பொலிசார் மூவர். முன்னால் வந்தது அன்றைக்குச் சப்பாத்துக் கழற்றியவரேதான். நான் கடைக்குள் இருந்தேன், எழும்பவில்லை. ஸல்மா போய்க் கதவைத் திறந்தாள். அவர் அவளை அடையாளம் கண்டுகொண்டு, இன்றைக்கும் மேலே தொழுகையா என்று சிங்களத்தில் கேட்டார். கிண்டலா, கோபமா என்று தெரியவில்லை. அவள் மாடிப்படிக் கைப்பிடியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"மேல இருக்கு. வாங்க."

மேலே உன் படத்தை விரித்தார்கள். பார்த்து எவ்வளவு நாள், மூலையெல்லாம் அழுக்காகிவிட்டது. படத்தில் ஓர் அங்குலம் மேசையில் ஓரடி என்று சட்டத்தரணி விளக்கினார். அந்த அதிகாரி அவரை நம்பாமல் தானே டேப் பிடித்தார். விளிம்பில் இருந்து தூணுக்கு அளந்தார், சரி. தூணின் அகலம், சரி. வளைவு, சரி. யன்னல் பக்கம், மேசையில் ஹாலிஎல ஸ்டேஷன் என்று விட்ட இடத்தில், படத்தோடு ஒரு சாண் உதைத்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். சட்டத்தரணிக்கு முகம் வெளுத்துவிட்டது. என் பிழை, எனக்கு மறந்துவிட்டது என்றேன். அப்போது ஸல்மா சுவரைக் காட்டினாள். யன்னல் சட்டத்துக்குக் கீழே பழைய மேசையின் ஆணித் துளைகள் நாலும் இருந்தன. படத்தில் இருக்கும் இடத்தில், அச்சாக. அன்று அவள் பூசிய சுண்ணாம்பு தூணோடு நின்றுவிட்டது.

அவர் தூணில் உன் கையெழுத்தைப் படத்தின் கையெழுத்தோடு வைத்து வைத்துப் பார்த்தார். சதுரத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு தூணைப் பார்த்தார், தூணைத் தட்டியும் பார்த்தார். தெமோதரை வளைவு இந்தப் பக்கம் சுற்றாதே என்றார். ஆமாம், அங்கே படிக்கட்டு இல்லை என்றேன். வாய் தவறி வந்துவிட்டது. அடி விழும் என்று நினைத்தேன்.

விளிம்பில் ஸனாவின் போளை இருந்தது. அதை எடுத்துப் பாதையின் மேல் முனையில் வைத்து விட்டார். உருண்டு தூணைச் சுற்றி, பாலத்துக்குக் கீழே மறைந்து, மறுபக்கம் வந்து தரையில் விழுந்தது. அவர் குனிந்து அதை எடுத்து இன்னொருமுறை விட்டார்.

போகும்போது ஸல்மாவிடம், அன்றைக்கு ஏன் அம்மா பொய் சொன்னீர்கள் என்று கேட்டார். தம்பியை இப்படித்தான் ஒருநாள் காட்டிக்கொடுத்தேன் என்றாள். அவர் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெகுநேரம் முடிச்சுப் போட்டார். அறிக்கையில் என்ன எழுதுவார் என்று தெரியாது. அவளைப் பிடிப்பார்களா என்றும் தெரியாது. கதவைத் தட்டும் சத்தம் கேட்டால் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறோம்.

உன் ஹுமைத்

பதுளை,
மார்ச் 19.

மச்சான் ஹுமைத்,

மச்சான் என்று எழுதியிருப்பதைக் கவனித்திருப்பாய்.

இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் யாரும் வாசிக்கவில்லை. அக்கா வீட்டில் இருந்து எழுதுகிறேன். உன் கடைக்கு நடந்தே வரக்கூடிய தூரம்தான். வந்து சில நாள் ஆயிற்று, வாசலைத் தாண்டவில்லை. அக்காவே இதைக் கொண்டு வந்து தருவா. இந்தமுறை பின்கதவால் ஓடாதே.

விட்டுவிட்டார்கள். ஸல்மா மீது வழக்கு இல்லை, நீதவான் எச்சரித்து முடித்துவிட்டார் என்று சட்டத்தரணி சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் நான் விடுதலை என்பது எனக்கே நம்பிக்கையாக இருந்தது.

மறியலில் இருந்து பகல் ரயிலில் பதுளைக்கு வந்தேன். தெமோதரையில் எப்போதும் நடப்பதுதான் நடந்தது. கீழே வளைந்து போகிற பாதையைப் பார்க்கச் சனம் எல்லாம் யன்னலுக்கு ஓடியது. ஒரு தகப்பன் பிள்ளையைத் தூக்கிக் காட்டினான். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். நான் அந்தப் பாதையைப் பார்ப்பதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயம். சுரங்கத்துக்குள் இருட்டானதும்தான் தலையை நிமிர்த்தினேன். எத்தனை தரம் நீயும் நானும் அந்த யன்னலில் கழுத்தை ஒடித்துக்கொண்டு பார்த்திருப்போம். எனக்கு அழுகை வந்தது, ஹுமைத்.

எட்டு மாதமாக எனக்கு ஒரு ஆள் மேல் கோபம். அந்த ஆள் நீ என்று நினைத்திருந்தேன். பிறகு ஸல்மா என்று தெரிந்தது. கூண்டில் அவள் நின்றதைப் பார்த்த பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தம்பியைப் பற்றி நான் ஒன்றும் கேட்க மாட்டேன் என்று சொல். அவளாகச் சொன்னால் கேட்பேன்.

படமும் எஞ்சினும் தண்டவாளமும் திரும்பக் கிடைத்துவிட்டன. டிரான்ஸ்போமர்தான் உடைந்திருக்கிறது. எனக்கு இப்போது தெமோதரையைப் பார்க்கத் துணிவு வருகிற இடம் ஒன்றுதான். அது தப்பான பக்கம் சுற்றுகிற தெமோதரை.

வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிந்ததும் வருகிறேன். நீ கடைக்குள்ளேயே இரு. கதவை ஸல்மாவே திறக்கட்டும். ஹுமைத் இல்லையா, அந்த ரயில் மேசை எங்கே என்று நான் வாசலில் நின்று கேட்பேன். மேலே இருக்கிறது, வாங்க என்று அவள் எனக்கும் ஒருமுறை சொல்லட்டும். நான் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, அதே படியால் திரும்பி இறங்கி வருவேன். அவள் கீழே நின்று பார்க்க வேண்டும்.

மது